வடிவாம்பாள் பொறந்த எடம்

கல்வெட்டா? அது இங்க இல்ல சார். பின்னால இருக்கு. வெளிய எறங்கி சைக்கிள் கடையை ஒட்டி ஒரு சந்து போகுது பாருங்க, அதுக்குள்ள. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. இப்ப அங்க நாத்தமே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இருக்கு. எனக்கு எப்பவும் இருக்கும்.

உக்காருங்க சார். உங்க வீட்டம்மாவும் அந்த சேர்ல உக்காரட்டும். உங்க ரூமைக் கூட்டிக்கிட்டு இருக்காங்க, செத்த நேரம் ஆகும். நீங்களும் அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்? சரி சரி, சொல்ல வேண்டாம். எனக்கெதுக்கு?

இதோ இந்த லட்சுமி காலண்டரைத் தூக்கிப் பாருங்க. செவுத்துல நாலு ஓட்டை தெரியுதா? அங்கதான் இருந்துச்சு கல்லு. நல்ல கருங்கல்லு. முகம் பாக்கலாம், அவ்வளவு பாலிஷ். தங்க எழுத்து. ரிசப்ஷனுக்குள்ள நுழைஞ்சதும் எவனா இருந்தாலும் நின்னு படிப்பான். இப்ப அது மூத்திரச் சந்துல இருக்கு.

சொல்றேன், கேளுங்க. யாரு பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

இந்த லாட்ஜ் எங்கப்பா கட்டினது. சபாபதின்னா மணப்பாறை முழுக்கத் தெரியும். மங்களவிலாஸ் சபாபதி. அந்தக் காலத்துல இந்த ஊருல மாடியோட இருந்த லாட்ஜ் இது ஒண்ணுதான். சந்தைக்கு மாடு வாங்க வர்ற யாவாரிங்க இங்கதான் தங்குவாங்க. மாட்டைப் பின்னால மாடிப்படிக்குக் கீழ கட்டிட்டு, மேல வந்து படுத்துக்குவாங்க. நாடகக்காரங்களும் வருவாங்க. அவங்களுக்கு ரூம் குடுக்குறது எங்கப்பாவுக்குப் பிடிக்காது, ஆனா சந்தை இல்லாத நாள்ல ரூம் காலியா கெடக்குமே, குடுப்பாரு. தர்மவான் சார் அவரு.

நடிகை வடிவாம்பாளைத் தெரியும்ல? எத்தனை படத்துல அம்மாவா வந்திருக்காங்க! அவங்க அழுதா தியேட்டரே அழும். அந்தம்மா ஒரு பேட்டியில, "நான் பொறந்தது மணப்பாறை மங்களவிலாஸ் லாட்ஜுல"ன்னு சொல்லிட்டாங்க. சொன்னது அவ்வளவுதான். மறுநாளே எங்க ஊரு வக்கீல் இளவழகன் ஓடி வந்துட்டாரு. அவருக்கு சினிமா கிறுக்கு. "தர்மலிங்கம், உங்க லாட்ஜ் சரித்திரத்துல ஏறிடுச்சுய்யா. விழாக்குழு ஒண்ணு போட்டுக் கல்வெட்டு வைப்போம்"னாரு. எந்த ரூம்ல பொறந்தாங்கன்னு கேட்டாரு.

நாலாம் நம்பர்னு சொன்னேன்.

ஏன் நாலுன்னா, அதுதான் சார் நல்ல ரூமு. தெருப் பக்கம் ஜன்னல், கிழக்குப் பாத்த கட்டில். எங்கப்பா ஒரு பிரசவத்துக்கு ரூம் குடுத்திருந்தா வேற எந்த ரூமைக் குடுத்திருப்பாரு? அந்தம்மாவோட அம்மா பேரு கண்ணாமணி, நாடகத்துல ஆடுறவங்க. அவங்களுக்கு வலி வந்ததும் எங்கப்பா ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிட்டு வந்தாரு, வீட்டுலேர்ந்து வெந்நி கொண்டாந்தாரு, கொழந்தைக்கு எங்கம்மா பழைய சேலையில தூளி கட்டிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். எங்கப்பா எங்கிட்ட இதைச் சொன்னாரான்னு கேட்டா, சொன்னதில்ல. பெருமையைத் தன் வாயால சொல்ற ஆளு இல்ல அவரு. ஆனா செஞ்சிருப்பாரு. எனக்குத் தெரியாதா எங்கப்பாவை?

கல்லுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் மனப்பாடம். "தமிழ்த் திரையுலகின் தாய், கலைச்செல்வி வடிவாம்பாள் அவர்கள் இவ்விடுதியின் நான்காம் எண் அறையில், விடுதி நிறுவனர் சபாபதி அவர்களின் அன்பான ஆதரவில் பிறந்தார்." அன்பான ஆதரவில்ங்கிறது நான் சேக்கச் சொன்னது. நல்லா இருக்குல்ல?

கல்லு வெச்சதும் ரூமுக்கு டைல்ஸ் போட்டேன். வடிவாம்பாள் படம் பெரிசா மாட்டினேன். மொதல்ல ஒரு மாட்டு யாவாரியோட தங்கச்சி மக வந்து அந்த ரூம்ல தங்குச்சு. ரொம்ப வருஷமா கொழந்தை இல்ல. தங்கிட்டுப் போன மாசமே கரு நின்னுருச்சு. நான் ஒண்ணும் தண்டோரா போடலை சார். கேட்டவங்ககிட்ட சொன்னேன். கேக்காதவங்க ஒண்ணு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருப்பேன். அப்புறம் பாக்கணுமே! திண்டுக்கல்லு, கரூரு, துவரங்குறிச்சின்னு வந்தாங்க. புருசன் பொண்டாட்டியா, குடும்பமா. கௌரவமான கூட்டம். நாலாம் நம்பருக்கு மூணு மாசம் முன்னாடியே சொல்லி வைக்கணும்.

ஒரு நிமிஷம் சார். என்னம்மா? தனியாவா வந்திருக்கே? இல்லம்மா, தனியா வர்ற லேடீஸுக்கு இங்க ரூம் இல்ல. பரீட்சை எழுதறதுன்னா காலையில பஸ்ஸுக்கு வர வேண்டியதுதானே? பஸ் ஸ்டாண்டுல போலீஸ் பூத் இருக்கு, அங்க லைட் வெளிச்சத்துல உக்காந்துக்க. அதுதான் பாதுகாப்பு. போம்மா, போ.

பரீட்சையாம். யாரு கண்டா? லாட்ஜுன்னா பேரு முக்கியம் சார். எங்கப்பா கத்துக் குடுத்தது.

எங்க விட்டேன்? ஆங். வடிவாம்பாளே நேர்ல வர்றாங்கன்னு வக்கீல் வந்து சொன்னாரு. கல்லு வெச்சு ஒரு வருஷம் ஆனதுக்கு விழா. வாசல்ல பந்தல், ஷாமியானா, மைக் செட்டு. ஊரே கூடிப்போச்சு. கார்லேர்ந்து எறங்கினாங்க. வயசாயிடுச்சு, ஊன்றுகோல் வெச்சிருந்தாங்க. ஆனா அந்தக் கண்ணு அப்படியே சினிமால பாத்த கண்ணு. எம் பொண்டாட்டி செண்பகம் ஆரத்தி எடுத்தா. நான் மாலை போட்டேன். உள்ள கூட்டிட்டு வந்து கல்லு முன்னால நிறுத்தினேன்.

கைப்பையிலேர்ந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு வெரலை வெச்சு வாசிச்சாங்க. அன்பான ஆதரவில்ங்கிற எடத்துக்கு வந்ததும் வெரல் நின்னுபோச்சு.

"இது யாரு எழுதினது?"

"வக்கீல் சார் எழுதினாரும்மா. விவரம் நான் குடுத்தேன். சபாபதியோட மகன்."

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"எங்கப்பாதாம்மா."

அவங்க என்னைப் பாத்தாங்க. கோவம் எல்லாம் இல்ல. ஒரு மாதிரி, பாவம்ங்கிற மாதிரி. என்னைப் போயி! அப்புறம் கேட்டாங்க, "மாடிப்படிக்குக் கீழ மாடு கட்டுற எடம் ஒண்ணு இருந்துச்சாமே. இருக்கா, இடிச்சுட்டீங்களா?"

நான் பதறிட்டேன். ஏன்னா, அந்த எடம் இப்ப எப்படின்னு எனக்குத்தான தெரியும். மாடெல்லாம் வர்றது எப்பவோ நின்னுபோச்சு. பஸ் ஸ்டாண்டு ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் அதுதான் ஒதுங்குற எடம். செவுத்துல சாமிப் படம் போட்ட டைல்ஸ் எல்லாம் ஒட்டிப் பாத்தேன், ஒருத்தனும் மதிக்கலை. "அம்மா, அங்க ஒண்ணும் இல்ல, மேல வாங்க, நாலாம் நம்பர் ரூமைப் பாக்கலாம்"னேன். அவங்க காதுலயே வாங்கலை. கோலை ஊனிக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போயி சந்துக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. பின்னாலயே மொத்தக் கூட்டமும். ரெண்டு பேரு செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டிருந்தானுங்க. கூட்டத்தைப் பாத்துட்டு ஒருத்தன் ஜிப்பைக்கூடப் போடாம ஓடுறான். எனக்கு அங்கயே உசுரு போயிருக்கலாம்.

கீழ ஈரம். நுரை. பீடித்துண்டு. அதுல போயி நிக்கிறாங்க சார், பட்டுச் சேலையோட! எல்லாரும் கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கிட்டோம். அந்தம்மா வெக்கலை. படிக்கட்டோட அடிப்பக்கத்தைக் கையால தடவிப் பாத்தாங்க. எவனோ மெனக்கெட்டு மைக்கை ஒயரோட இழுத்துக்கிட்டு வந்து கையில குடுத்துட்டான். அவன் யாருன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

"நான் பொறந்தது மேல இல்ல. இங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. "எங்கம்மாவுக்கு மத்தியானம் மேல ரூம்ல வலி கண்டுச்சு. முதலாளி வந்து வாசல்லயே நின்னாரு. உள்ள வரலை. 'நாளைக்குச் சந்தை. பிரசவம் ஆன ரூம்ல எந்த யாவாரி வந்து படுப்பான்? கீழ எறங்கிடு தாயீ'ன்னாரு. தாயீன்னுதான் சொன்னாராம். மரியாதையாத்தான் சொன்னாராம். எங்கம்மா ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்கினா. கடைசிப் படியில பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. ரோடு வரைக்கும் நடக்க முடியலை. மாடுகளுக்கு நடுவுல வைக்கோல் கெடந்துச்சு, அதுல படுத்துட்டா. புல்லுக்கட்டு விக்க வந்த ஒரு அம்மா, பேருகூடத் தெரியாது, அவங்கதான் அருவாளைக் கழுவி என் கொடியை அறுத்தாங்க."

மறுபடி அந்தப் படிக்கட்டை நிமிந்து பாத்தாங்க.

"எத்தனையோ படத்துல பிரசவ வலி நடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் படிக்கட்டைத்தான் நெனச்சுக்குவேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்"னாங்க.

என்னால பொறுக்க முடியலை. செத்துப்போன மனுஷனைப் பத்தி ஊரு நடுவுல இப்படிப் பேசலாமா? "அம்மா, எங்கப்பா தர்மவான். கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு. அவரைக் கெட்டவருன்னு சொல்லாதீங்க"ன்னு கத்திட்டேன்.

அவங்க அமைதியாச் சொன்னாங்க. "கெட்டவருன்னு நான் சொல்லலையே தம்பி. அவரு லாட்ஜ் நடத்தினாரு."

எங்கப்பா லாட்ஜ் நடத்தினாருன்னு எனக்குத் தெரியாதா? அதை ஒரு வசவு மாதிரி சொல்றாங்க. ஜனங்க கை தட்டுறாங்க! அப்புறம் வக்கீலைப் பாத்து, "அந்தக் கல்லை இங்க கொண்டாந்து வைங்க. நாலாம் நம்பரையும் அன்பான ஆதரவையும் கொத்தி எடுத்துட்டு, அந்தப் புல்லுக்கட்டுக்காரம்மாவைப் போடுங்க"ன்னாங்க.

சீ! ஒரு பொம்பளை, அதுவும் இவ்வளவு பேரெடுத்த பொம்பளை, மூத்திரச் சந்துல பொறந்தேன்னு மைக் வெச்சுச் சொல்லுவாளா? நல்ல ரூம், டைல்ஸ் போட்டு, மெத்தை போட்டுக் குடுக்குறேன், அதுல பொறந்தேன்னு சொல்லிட்டுப் போனா என்ன கொறைஞ்சிரும்? எத்தனை பேரு பெரிய எடத்துல பொறக்கணும்னு ஏங்குறான்! அதுதான் சார் எனக்குப் புரியவே இல்ல.

செண்பகம் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து, "அம்மா, காலைக் கழுவிக்கங்க"ன்னு நீட்டினா. "இருக்கட்டும்மா, அப்படியே காயட்டும்"னு சொல்லிட்டு, அந்தக் காலோட கார்ல ஏறிப் போயிட்டாங்க. சாப்பாடு அப்படியே கெடந்துச்சு. இலை போட்ட சாப்பாடு.

மறுநாள் வக்கீல் ரெண்டு ஆளோட வந்தாரு கல்லைக் கழட்ட. நான் முடியாதுன்னேன். "இது என் செவுரு"ன்னேன். "செவுரு உங்களுது, கல்லு விழாக்குழுவோடது"ன்னாரு. இப்படி நாங்க ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறோம், செண்பகம் உள்ளேர்ந்து ஏணியைத் தூக்கிக்கிட்டு வர்றா. அவங்களுக்கு! ஏணியைச் செவுத்துல சாத்திட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா.

மத்தியானம் சோத்துக்கு உக்காந்தேன். "ஏண்டி, உனக்குப் பைத்தியமா?"ன்னேன். ரசத்தை ஊத்திக்கிட்டே சொல்றா, "அந்தம்மா சொன்னது நெசம்ங்க. மாமா எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

எங்கப்பா கடைசியில ஒரு வருஷம் படுத்த படுக்கையா கெடந்தாரு. அவதான் பாத்தா. எனக்கு லாட்ஜ் வேலை. எங்க வீடு லாட்ஜை ஒட்டித்தான், கட்டில் இந்த மாடிப்படியைப் பாத்துக் கெடந்துச்சு, திருப்பிப் போடுன்னு அடம்பிடிச்சாரு, போட்டோம். சந்தை நாள் வந்தா, "யாரோ எறங்குறா பாரு, கையக் குடு, கையக் குடு"ம்பாரு. நானும் கேட்டிருக்கேன். பினாத்துறாருன்னு நெனச்சேன். வயசானா அப்படித்தானே? அவகிட்ட முழுசாச் சொல்லியிருக்காரு. சொல்லிட்டு அழுதாராம்.

"இத்தனை வருஷம் ஏண்டி எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அந்தக் கல்லை வெச்சிருக்க மாட்டேன்ல?"

"வெச்சிருப்பீங்க"ன்னா.

எவ்வளவு திமிரு பாருங்க. எங்கப்பா கடைசி காலத்துல பேசினதை என்கிட்டயே மறைச்சு வெச்சுட்டு, எனக்கே நியாயம் சொல்றா. தட்டைத் தள்ளி வெச்சேன். எந்திரிச்சுட்டேன்.

கல்லைக் கொண்டுபோயி படிக்கட்டுக்குக் கீழ பதிச்சாங்க. மொத வாரம் எப்பவும் போல அது மேலயே ஒண்ணுக்கு அடிச்சானுங்க. உண்மையைச் சொல்றேன், எனக்கு ஒரு திருப்தி. ஆசைப்பட்டு வெச்சீங்கள்ல, அனுபவிங்கன்னு நெனச்சேன். ஒரு காலையில ஜன்னல் வழியாப் பாக்குறேன், செண்பகம்! சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வெளக்குமாறும் ஃபினாயிலுமா சந்தைக் கழுவிக்கிட்டு இருக்கா. மங்களவிலாஸ் முதலாளி பொண்டாட்டி! டீக்கடையில அத்தனை பேரும் பாக்குறான். எறங்கிப் போயி, "வாடி உள்ள"ன்னேன். "நீங்க போங்க, வழுக்கும்"ங்கிறா. அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் நிக்கலை. மழை பெஞ்சாலும் போறா.

அப்புறம் என்ன? நாலாம் நம்பர்ல தங்க வந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா பின்னால போக ஆரம்பிச்சாங்க. ஒருத்தி அகல் வெளக்கு ஏத்தினா. ஒருத்தி படிக்கட்டுக் கம்பியில மரத்தொட்டில் கட்டினா. இப்பப் போயிப் பாருங்க, கம்பியே தெரியலை, அவ்வளவு தொட்டிலு. எப்பப் பாத்தாலும் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, ஒரு ஆம்பளை அந்தப் பக்கம் ஒதுங்க முடியலை. பஸ் எறங்கி வர்றவன் எங்க போவான்? அதை யாராவது யோசிச்சாங்களா? புல்லு விக்கிற பொம்பளைங்க வேற, சந்தைக்குப் போறப்ப ஒரு பிடி புல்லை அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போறாங்க. புல்லுக்கட்டுக்காரம்மாவுக்காம். பேரு தெரியாத ஒருத்திக்கு மரியாதை. பேரு தெரிஞ்ச எங்கப்பாவைக் கொத்தி எடுத்துட்டாங்க.

என் வீட்டுச் சாப்பாட்டை நான் விட்டாச்சு சார். காலையில அந்தச் சந்தைக் கழுவின கையில மத்தியானம் சோறு பெசைஞ்சு வெக்கிறா. சோப்பு போட்டுக் கழுவுறா, நான் பாத்திருக்கேன், ரெண்டு தடவை போடுறா. இருந்தாலும் தட்டைப் பாத்தா எனக்கு அந்த நுரைதான் தெரியுது. எதுத்த ஹோட்டல்ல பார்சல் வாங்கி இங்கயே சாப்பிட்டுக்கிறேன். வீட்டுக்கும் போறதில்ல. நாலாம் நம்பரை இப்ப யாரும் கேக்குறதில்ல, சும்மாதான கெடக்கு, நான்தான் படுத்துக்கிறேன். நல்ல காத்து வருது. தூக்கம்தான் வர மாட்டேங்குது. மெத்தை புதுசுல்ல, அதனாலயா இருக்கும்.

செண்பகம் கூப்பிட்டாளான்னா? கூப்பிட்டா. ஒரு நாள் வந்து வாசல்ல நின்னு, "வாங்க, ஒரு தடவை வந்து அந்தப் படியில உக்காந்துட்டுப் போங்க. மாமாவுக்காக"ன்னா. நான் எதுக்கு உக்காரணும்? நான் என்ன பண்ணினேன்? சொல்லுங்க சார், நான் என்ன பண்ணினேன்?

சரி, உங்க ரூம் ரெடி ஆயிடுச்சு. ஏழாம் நம்பர். வேணும்னா நாலாம் நம்பரையே காலி பண்ணித் தர்றேன், உங்களுக்காக. வீட்டம்மாவைக் கேட்டுட்டுச் சொல்லுங்க... எங்க காணோம்? இப்ப இங்கதான உக்காந்திருந்தாங்க?

போயிட்டாங்களா? நான் சொன்னதெல்லாம் கேட்டும் போயிட்டாங்களா?

அந்த சேருக்குக் கீழ பாருங்க சார், செருப்பைக் கழட்டி விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தச் சந்துக்குள்ள வெறுங்காலோட! சீ!